ஸ்டீவன்சனா, கல்கியா, வேர்ணா: வன்னிப் பிள்ளைகளுக்கு யாரை முதலில் கொடுப்பது?

கனடாவிலோ லண்டனிலோ இருக்கும் உறவுக்காரர் ஊர் வாசிகசாலைக்குக் காசு அனுப்பும்போது கூடவே ஒரு கேள்வியும் வரும்: "பிள்ளையளுக்கு ஆற்ற புத்தகத்தை வாங்கிறது?" பயிற்சிப் புத்தகங்கள் வேண்டாம், அவை ரியூசன்காரர் பார்த்துக்கொள்வார்கள். கதைப் புத்தகம் வேண்டும், அதிலும் சாகசக் கதை. ஒரே எழுத்தாளரின் நாலைந்து புத்தகங்கள் என்றால் யார்?

ஒரே எழுத்தாளர் என்ற நிபந்தனை எனக்குப் பிடித்திருக்கிறது. ஒரு புத்தகம் மனதில் ஏறிவிட்டால் பிள்ளை அடுத்த கிழமையே வந்து "இவர் எழுதின வேற இருக்கா சேர்?" என்று கேட்கும். அந்த நேரத்தில் தட்டில் இன்னொன்று இருக்க வேண்டும். இல்லாவிட்டால் பிள்ளை போனுக்குத் திரும்பிவிடும், பிறகு பிடிக்க ஏலாது.

என் தெரிவை முதலே சொல்லிவிடுகிறேன்: பிரெஞ்சு எழுத்தாளர் ஜூல்ஸ் வேர்ண். இத்தனைக்கும் எனக்கு அதிகம் பிடித்தவர் அவர் இல்லை, ஸ்டீவன்சன். ஆனால் எனக்குப் பிடித்ததும், மல்லாவியிலோ விசுவமடுவிலோ பின்னேரம் சைக்கிளில் வாசிகசாலைக்கு வரும் பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்குப் பிடிப்பதும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. நான் மனதில் வைத்திருப்பது தரம் 6 முதல் 9 வரையான பிள்ளைகளை. புலமைப்பரிசில் முடிந்து, சாதாரணதரக் காய்ச்சல் தொடங்குவதற்கு இடையில் கிடைக்கும் அந்த நாலு வருடத்தில்தான் கதை வாசிக்கும் பழக்கம் ஒட்டும். ஒட்டாவிட்டால் பிறகு ஒட்டுவது கஷ்டம்.

ஸ்டீவன்சனிலிருந்து தொடங்குவோம். 1881இல் ஸ்கொட்லாந்தின் மலைப்பக்கத்தில் மழையால் வீட்டுக்குள் அடைபட்டுக் கிடந்தபோது, மனைவியின் முதல் மணத்து மகனுக்காக ஒரு தீவின் படத்தோடு விளையாடிக்கொண்டிருந்தார். அந்தப் படத்திலிருந்து வந்ததுதான் 'புதையல் தீவு'. சிறுவர் இதழொன்றில் தொடராக ஓடி 1883இல் புத்தகமானது. அதில் ஒரேயொரு இடத்தைச் சொல்கிறேன். கப்பலில் அப்பிள் பழம் எடுக்கப்போன ஜிம், பழம் அடியில் கிடப்பதால் பீப்பாவுக்குள்ளேயே இறங்கிவிடுகிறான். இருட்டு, அலையின் ஆட்டம், கண் அயர்கிறது. யாரோ பாரமான ஆள் பீப்பாவோடு சாய்ந்து உட்காருகிறார். வாய் திறந்ததும் குரல் தெரிந்துவிடுகிறது. இத்தனை நாளும் தன்னோடு அன்பாகப் பழகிய சமையற்காரர், ஒற்றைக்கால் சில்வர். அவர் பேசுவது கப்பலில் இருக்கும் நல்ல மனிதர்களைக் கொல்லும் திட்டம். இதை வாயால் சொல்லிப் பாருங்கள், கடைசி வாங்கில் இருப்பவனும் எழும்பி முன்னுக்கு வந்துவிடுவான். சில்வர் நல்லவரா கெட்டவரா என்று பிள்ளைகள் சண்டை பிடிப்பார்கள். அப்படி ஒரு வில்லனை வேர்ண் தன் ஆயுளில் படைத்ததில்லை.

பிறகு ஏன் ஸ்டீவன்சன் இல்லை? சொல்லும்போது பிடிக்கும் கதை, கையில் கொடுத்தால் முப்பதாம் பக்கத்தில் நின்றுவிடுகிறது. பாய், கயிறு, தளம் என்று கப்பற்காரரின் பேச்சு முழுக்க வருகிறது. மொழிபெயர்ப்பாளர்கள் அதை அகராதியைப் பார்த்து எழுதிவிடுகிறார்கள். கொக்கிளாய், முல்லைத்தீவுக் கரைப் பிள்ளை என்றால் அணியம் எது, பாய் எப்படி இழுப்பது என்று ஊகித்துக்கொண்டு ஓடிவிடும். துணுக்காய்ப் பிள்ளைக்குத் தண்ணீர் என்றால் குளம், படகு என்றால் தோணி. அங்கே தடக்குப்படும்.

அடுத்தது, இதை முடித்த பிள்ளைக்கு அவரிடம் வேறு என்ன இருக்கிறது? 1886இல் வந்த, கடத்தப்பட்ட பையனின் கதை இருக்கிறது. அது விளங்க ஸ்கொட்லாந்தின் பழைய அரசியல் கொஞ்சம் தெரிய வேண்டும். இரட்டை மனிதனின் கதை பெரியவர்களுக்கானது. ஆகவே தட்டு காலி. அப்புறம், புதையல் தீவில் வாய் திறந்து பேசும் பெண் என்று பார்த்தால் ஜிம்மின் அம்மாதான். எங்கள் வாசிகசாலைக்குப் பெடியளை விடப் பிள்ளையள்தான் கூட வருவார்கள். (பெண் பிள்ளைகளைத்தான் நாங்கள் அப்படிச் சொல்வது.)

துவக்கும் கத்தியும் வரும் புத்தகம் வேண்டாம் என்று சொல்லும் பெற்றோரும் இந்தப் பக்கத்தில் இருக்கிறார்கள். ஏன் சொல்கிறார்கள் என்று யாருக்கும் விளக்கத் தேவையில்லை. அவர்களோடு நான் வாதாடுவதில்லை. ஆனால் ஸ்டீவன்சனை நான் இரண்டாம் இடத்தில் வைப்பது அதற்காக இல்லை.

கல்கியைச் சொல்லாமல் போனால் ஊரில் இருக்க விடமாட்டார்கள். 'பொன்னியின் செல்வன்' 1950இல் தொடங்கி 1954 வரை தொடராக வந்தது. அதன் இரண்டாம் பாகத்தில் கதை இலங்கைக்கு வருகிறது. "மாதோட்ட மாநகரம்" என்று ஓர் அத்தியாயம், கொஞ்சம் தள்ளி "காட்டுப் பாதை" என்று இன்னொன்று. மாதோட்டம் என்றால் திருக்கேதீஸ்வரப் பக்கம். அங்கிருந்து வந்தியத்தேவன் காட்டுக்குள் இறங்கி நடக்கிறான் என்றால், அவன் மிதித்தது எங்கள் காட்டைத்தான் என்று பிள்ளைகளிடம் தைரியமாகச் சொல்லலாம். பூங்குழலி நடுக்கடலில் தனியாகத் துடுப்பு வலிக்கும் இடத்துக்கு நிகராக, பெண்பிள்ளைக்குக் கொடுக்க வேறெந்தச் சாகச எழுத்தாளரிடமும் எனக்கு ஒன்று அகப்படவில்லை.

ஆனால் ஐந்து பாகம். ஆட்களின் பெயர்களைக் கொப்பியில் எழுதி வைத்துக்கொண்டு வாசிக்க வேண்டும். முதல் பாகத்தைத் தொட்ட பதினொரு வயதுப் பிள்ளை பழுவேட்டரையர்கள் இரண்டு பேரில் யார் யாரென்று குழம்பி வைத்துவிடும். கல்கிக்குப் பதினான்கு வயது நல்ல வயது. இன்னொரு விஷயம், கல்கியின் எழுத்து நாட்டுடைமையாக்கப்பட்டது. மதுரைத் திட்டம் என்ற இணையத்தளத்தில் முழுவதும் இலவசமாகக் கிடக்கிறது. வெளிநாட்டுக் காசைக் கொட்டி வாங்க வேண்டிய அவசியமே இல்லை. பாட்டியோ அம்மம்மாவோ இரவில் ஒவ்வொரு அத்தியாயமாக வாசித்துக் காட்டும் வீடு என்றால் மட்டும் என் கணக்கு மாறும். அந்த வீட்டுப் பிள்ளைக்குப் பத்து வயதிலேயே கல்கி போதும், நானும் தேவையில்லை, வேர்ணும் தேவையில்லை.

வாண்டுமாமா தரம் 4, 5 பிள்ளைகளுக்கு. 'கோகுலம்', 'பூந்தளிர்' என்று சிறுவர் இதழ்களிலேயே வாழ்ந்த மனிதர், 2014இல் காலமானார். அவர் தமிழில் ஒரு கல்லும் தடக்காது. ஆனால் பன்னிரண்டு வயதுப் பெடியன் அந்தப் புத்தகத்தைச் சிநேகிதருக்கு முன்னால் கையில் வைத்திருக்கக் கூச்சப்படுவான். அந்த வயதில் கூச்சம் பெரிய விஷயம். எனிட் பிளைட்டனைப் பற்றிச் சுருக்கமாக: வெளிநாட்டிலிருந்து பெட்டி பெட்டியாக வரும் ஆங்கிலப் புத்தகங்களில் பாதி அவருடையதுதான், அட்டை மடங்காமல் புதிதாகவே இருக்கின்றன. சிவகாசியிலிருந்து வந்த முத்து, லயன் காமிக்ஸ்களைப் பழைய ஆட்கள் இப்போதும் பூட்டி வைத்திருக்கிறார்கள். அவற்றைப் பிள்ளைகளுக்குக் கொடுங்கள் என்றால் மட்டும் முகம் கறுத்துவிடும்.

சரி, எங்கள் மண்ணை எழுதியவர்கள்? வன்னியைக் களமாக வைத்து எழுதியவர்கள் இருக்கும்போது பிரெஞ்சுக்காரன் எதற்கு என்று வாசிகசாலைக் கூட்டத்தில் ஒரு ஐயா கேட்டார். நியாயமான கேள்வி. செங்கை ஆழியானின் 'யானை' வன்னிக் காட்டில் ஒரு மனிதனும் ஒரு கொலைகார யானையும் மோதும் கதை. வேகத்துக்குக் குறைவே இல்லை. அ. பாலமனோகரன் முள்ளியவளைப் பக்கத்து மனிதர். அவருடைய 'நிலக்கிளி' 1973இல் வந்தது. தண்ணிமுறிப்பின் காட்டையும் குளத்தையும் வேட்டையையும் அதைப்போல எழுதியவர் கிடையாது. இரண்டும் நல்ல நாவல்கள். ஆனால் பெரியவர்களுக்கு எழுதியவை. 'நிலக்கிளி'யின் மையத்தில் இருப்பது ஒரு குடும்பத்துக்குள் வரும் துயரம், அதைத் தரம் 7 பிள்ளைக்கு விளங்கப்படுத்த நான் தயாரில்லை. சாதாரணதரம் எழுதி முடித்த கையோடு கொடுக்க வேண்டிய புத்தகம் அது. பழைய ஈழத்துப் புத்தகங்களை நூலகம் இணையத்தளத்தில் தேடிப் பார்க்கலாம். வளர்ந்த பிள்ளைக்கு அந்த வழியைக் காட்டிவிட்டால் போதும்.

எனக்கு உண்மையிலேயே இழுபறியாக இருந்தது மார்ட்டின் விக்கிரமசிங்கவோடுதான். 1947இல் சிங்களத்தில் வந்த அவருடைய 'மடோல் தூவ' தமிழிலும் இருக்கிறது. உபாலி என்ற குழப்படிகாரப் பெடியன், கூட்டாளி ஜின்னா. இரண்டு பேரும் வீட்டைவிட்டு ஓடுகிறார்கள். ஒரு கமக்காரரிடம் வேலை செய்கிறார்கள். பிறகு பேய் இருக்கிறதென்று ஊரார் ஒதுக்கிவைத்த, கண்டல் அடர்ந்த தீவொன்றில் போய்க் காடு வெட்டித் தோட்டம் செய்கிறார்கள். புதையலும் இல்லை, கடற்கொள்ளையரும் இல்லை. மண்வெட்டியும் கத்தியும்தான். ஒரு தீவைப் பயிர் விளையும் நிலமாக்குவதே அதில் சாகசம்.

கிளிநொச்சிப் பக்கத்திலும் வவுனிக்குளத்திலும் பாதிப் பிள்ளைகளின் அப்பப்பா, அம்மப்பா காடு வெட்டிக் குடியேறியவர்கள். பற்றை எரித்த சாம்பலில் முதல் விதைப்பு, இரவில் பரணில் காவல், தூரத்தில் தெரியும் வெளிச்சம் பேயா மனிதனா என்ற பயம், எல்லாம் அவர்கள் வீட்டில் கேட்ட கதை. விக்கிரமசிங்கவின் சொந்தக் கிராமமான கொக்கல, இரண்டாம் உலகப் போரில் விமானத் தளத்துக்காகக் காலி செய்யப்பட்டது, அவர் பிறந்த வீடு தப்பியது என்று சொன்னால் பிள்ளைகளைவிடப் பின்னால் நிற்கும் பெரியவர்கள்தான் கூர்ந்து கேட்பார்கள். ஒரேயொரு புத்தகம் வாங்கத்தான் காசு இருக்கிறதென்றால் யோசிக்காமல் இதை வாங்குங்கள். நான் இவரை முதலில் வைக்காததற்கு ஒரே காரணம், இதை முடித்துவிட்டு "இவர் எழுதின வேற?" என்று கேட்கும் பிள்ளையிடம் கொடுக்க அதே ருசியில் இன்னொன்று இல்லை. அவருடைய மற்றப் பெரிய நாவல்களின் வாசகர் வேறு.

வேர்ணிடம் அந்தப் பஞ்சமே இல்லை. 1863இல் பலூன் பயணத்தில் தொடங்கியவர் 1905இல் இறக்கும் வரைக்கும் எழுதிக்கொண்டே இருந்தார். ஆகாயம், பாதாளம், கடலடி, நிலா என்று பிள்ளை எங்கே கேட்டாலும் ஒரு புத்தகம் இருக்கிறது.

கடலடிப் பயணக் கதை 1869-70இல் வந்தது. அதன் இரண்டாம் பாகத்தின் தொடக்கத்தில் நோட்டிலஸ் நீர்மூழ்கி இலங்கைக் கரைக்கு வந்து சேர்கிறது. கப்பலின் தலைவன் நீமோ தன் விருந்தாளிகளைக் கூட்டிக்கொண்டு போகும் இடம் மன்னார் முத்துச் சிப்பிப் படுகை. சிலாவத்துறையும் அரிப்பும் இருக்கும் அதே கடல். முத்துக் குளிக்கும் பருவம் இன்னும் தொடங்கவில்லை, கடலில் ஆள் நடமாட்டம் இல்லை. கடலடியில் நடந்துபோகும்போது தலைக்கு மேல் ஒரு தோணியின் அடிப்பக்கம் தெரிகிறது. பருவத்துக்கு முந்தியே வந்த ஏழை ஒருவன், கால்களுக்கிடையில் கல்லை இடுக்கிக்கொண்டு இறங்குகிறான், கைக்கு அகப்பட்ட சிப்பிகளைப் பைக்குள் போடுகிறான், ஏறுகிறான், திரும்ப இறங்குகிறான். குளிப்பவர்கள் சராசரியாக முப்பது விநாடிதான் அடியில் தாங்குவார்கள் என்று நீமோ முன்னமே சொல்லியிருக்கிறான். பிறகு சுறா வருகிறது. நீமோ கத்தியோடு குறுக்கே பாய்கிறான், சுறா அவனை விழுத்திவிடுகிறது, திமிங்கில வேட்டைக்காரன் நெட் லாண்ட் ஈட்டியால் அதைக் குத்திக் கொல்கிறான். மயங்கிக் கிடந்தவனை மேலே தோணிக்குக் கொண்டுவந்து தெளியவைத்து, அவன் கையில் நீமோ ஒரு முத்துப் பையைக் கொடுக்கிறான். ஏன் உதவினாய் என்று கேட்டதற்கு, அந்த மனிதன் ஒடுக்கப்பட்ட தேசத்தவன், கடைசி மூச்சுவரை நானும் அந்தத் தேசத்தவனே என்ற பொருள்பட ஒரு பதில் வருகிறது. அதற்குமேல் நான் ஒன்றும் விளக்குவதில்லை. விளக்கவும் தேவைப்படவில்லை.

வேர்ண் இலங்கைக்கு வந்தவரில்லை. புத்தகங்களைப் புரட்டித்தான் மன்னாரை எழுதினார், அதனால் சிலதை விட்டுவிட்டார். உண்மையான சலாபங்களில், அதாவது முத்துக்குளிப்புகளில், சுறாவின் வாயைக் கட்ட மந்திரக்காரர் இருந்தார்கள், 'கடல்கட்டி' என்று பெயர். அவர் வந்து மந்திரிக்காமல் குளிப்பவர் தண்ணீரில் இறங்கமாட்டார்கள். அது தெரிந்திருந்தால் வேர்ண் சும்மா விட்டிருப்பாரா? அரிப்பில் கடற்கரை மேட்டில் இடிந்து நிற்கிறதே, அல்லிராணிக் கோட்டை என்று எங்கள் ஆட்கள் சொல்வது, அது ஆங்கிலத் தேசாதிபதி பிரெடரிக் நோர்த் 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் முத்துக்குளிப்பை மேற்பார்வை செய்யக் கட்டிய மாளிகை. அத்தியாயத்தை வாசித்த பிள்ளைகளை ஒரு சனிக்கிழமை பஸ்சில் அங்கே கூட்டிக்கொண்டு போனால், கதையின் இடத்தை அவர்கள் கண்ணால் பார்க்கலாம். ஸ்டீவன்சனின் தீவுக்கு எந்தப் பஸ்சும் போகாது.

வேர்ணின் மர்மத் தீவுக் கதையை நான் ஆங்கிலச் சுருக்கம் ஒன்றைப் பார்த்து வாயால்தான் சொல்லியிருக்கிறேன். பலூனில் வந்து விழுந்த ஐந்து பேர், கையில் ஒரு சாமானும் இல்லை. செங்கல் சுடுகிறார்கள், இரும்பு உருக்குகிறார்கள். ஒரு நாள் பெடியனின் சட்டை உள்மடிப்பில் ஒரேயொரு கோதுமை மணி அகப்படுகிறது. பொறியியலாளர் கணக்குப் போடுகிறார்: ஒரு மணியில் பத்துக் கதிர், கதிருக்கு எண்பது மணி, முதல் அறுவடை 800. இரண்டாவது 6,40,000. மூன்றாவது 51 கோடியைத் தாண்டும். இந்த இடத்தில் வாங்கில் இருந்த ஒருவன் எழும்பி, "அங்க பண்டி வராதோ சேர்?" என்று கேட்டான். இன்னொருத்தி மயிலைச் சொன்னாள். பிறகு எலி, அறக்கொட்டிப் பூச்சி, பசளை விலை என்று போய் அரை மணித்தியாலம் நெல் விவசாயக் கூட்டமாகிவிட்டது. கமக்காரர் பிள்ளைகளை வேர்ணின் கதை பிடிப்பது இப்படித்தான். யார் வெல்வது என்பதைவிட எப்படிச் செய்வது என்பதில்தான் அவருக்கு அக்கறை. மோட்டரைக் கழற்றிப் பூட்டத் தெரிந்த, வரம்பு கட்டத் தெரிந்த பிள்ளைகளுக்கு அது உடனே பிடிபடுகிறது.

குறைகளும் இருக்கின்றன. கடலடிக் கதையில் மீன்களின் பெயர்ப்பட்டியல் பக்கம் பக்கமாக வரும். அதைத் தாண்டிப் போகலாம் என்று பிள்ளையிடம் முதலே சொல்லிவிடுங்கள், குற்றமில்லை. ஐரோப்பியர் அல்லாதவர்களை அவர் காலத்து ஐரோப்பியக் கண்ணால் பார்த்து எழுதும் இடங்கள் உண்டு, பெரியவர் யாராவது பக்கத்திலிருந்து கதைக்க வேண்டும். பெண்கள் விஷயத்தில் ஸ்டீவன்சனைவிடக் கொஞ்சம் மேல், அவ்வளவுதான். எண்பது நாள் கதையில் வரும் அவுதாவை எண்ணிவிட்டால் பிறகு தேட வேண்டியிருக்கும். அதனால்தான் பூங்குழலிக்காகக் கல்கியைப் பதினான்கு வயதுக்கு எடுத்து வைக்கச் சொல்கிறேன்.

வாங்கும்போது எண்பது நாள் உலகப் பயணத்தை முதலில் கொடுங்கள். 1873இல் புத்தகமானது, அத்தியாயங்கள் சின்னவை, வேகம் அதிகம். ரயில் பாதை இடையில் முடிந்துபோனதால் கதாநாயகன் பொக் துரை இரண்டாயிரம் பவுண் கொடுத்து ஒரு யானையை வாங்கும் இடம் வரும். யானை வெடி கொளுத்தி இரவிரவாக யானையைக் கலைக்கும் ஊரில் அந்த விலையைக் கேட்டு எழும்பும் சிரிப்பை நீங்கள் வந்துதான் பார்க்க வேண்டும். முடிவில் வரும் நாட்கணக்கைப் புவியியல் பாடத்தோடு சேர்த்து விளங்கப்படுத்தலாம். அடுத்தது பாதாளப் பயணம், அதற்குப் பிறகு கடலடி, கடைசியாக மர்மத் தீவு. இந்த வரிசையை மாற்ற வேண்டாம். நீமோ யார், எந்த நாட்டவன் என்பது மர்மத் தீவில்தான் வெளிவரும். அது எங்களுக்கு அவ்வளவு தூரத்து நாடு இல்லை என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

தமிழ்ப் பதிப்புகளில் தலைப்பு ஆளுக்கொரு விதமாக இருக்கும், அதனால் எழுத்தாளர் பெயரைப் பார்த்து எடுங்கள். பல சுருக்கப் பதிப்புகள். சுருக்கம் என்பதற்காக ஒதுக்கத் தேவையில்லை, தரம் 6க்கு அதுவே நல்லது. ஆனால் கடலடிக் கதையை வாங்கும்போது கடையில் நின்றே புரட்டி, இலங்கை வரும் அத்தியாயத்தை வெட்டியிருக்கிறார்களா என்று பாருங்கள். வெட்டியிருந்தால் வேறு பதிப்பைக் கேளுங்கள். எண்பது நாள் கதையில் மட்டும் மூன்று பிரதி எடுங்கள், ஒன்று எப்படியும் திரும்பி வராது. மிச்சக் காசு இருந்தால் 'மடோல் தூவ'வையும் சேர்த்து அனுப்புங்கள்.